சக்கரம் வெளியே வந்தால் வண்டி வளைவில் நிற்குமா?

டிராக்கை அகலமாக்கினால் கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும் என்பது கார் பித்துப் பிடித்தவர்களிடம் கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கை. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கம் மாலையில் போனால் மட்கார்டைத் தாண்டிச் சக்கரம் துருத்தி நிற்கும் ஸ்விஃப்டோ போலோவோ கண்ணில் படும். ஏன் என்று கேட்டால், "மணிமுத்தாறு மலைப்பாதையில ஒரு தடவை ஏத்திப் பாருங்க அண்ணாச்சி, அப்ப தெரியும்" என்பார்கள். பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்றில் நூறில் போகும்போது தெரியும் என்பார்கள் வேறு சிலர். என்ன தெரியும், எவ்வளவு தெரியும், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் நம்புகிறவர்கள் தேடும் இடத்தில் அது இல்லை.

டிராக் என்பது ஓர் அச்சில் இடது டயரின் நடுக்கோட்டுக்கும் வலது டயரின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம். நம் ஊர்ச் சிறிய கார்களில் இது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்த எடையில் எத்தனை பங்கு மாறும் என்பதை மூன்றே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம், வண்டியின் எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, டிராக் எவ்வளவு அகலம். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயரம் மேலே, சக்கரம் கீழே உள்ளடங்கி. கட்டை போட்டு அங்குலம் அங்குலமாகத்தான் திருப்புகிறார்கள். உயரத்துக்கும் அடி அகலத்துக்கும் உள்ள விகிதமே விளையாட்டு முழுவதும்.

எடை மாறினால் என்ன குறைந்துவிடுகிறது? இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் மொத்த எடை அதேதானே? இங்கேதான் டயரின் குணம் குறுக்கிடுகிறது. டயர் மேல் சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே வெளிச்சக்கரத்துக்கு வந்த கூடுதல் சுமை தரும் பிடிப்பு, உள்சக்கரம் இழந்த பிடிப்பை ஈடுகட்டாது. எடை இடம்பெயர்வது குறையக் குறைய அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு கூடும். டிராக்கை அகலமாக்கச் சொல்பவர்களின் வாதத்துக்கு அடித்தளம் இதுதான். இதில் பிழை ஏதுமில்லை.

பிழை அளவில் இருக்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு ஹாட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். எடைமையம் 53 செ.மீ. உயரம், டிராக் 1480 மி.மீ. என்று வைப்போம். புவியீர்ப்பின் 0.7 மடங்கு பக்கவிசையில் திரும்பினால், அதாவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கதவோடு ஒட்டிக்கொள்ளும் வேகத்தில், ஏறத்தாழ 251 கிலோ வெளிப்பக்கம் மாறும். வெளிச்சக்கரங்கள் இரண்டும் 751 கிலோ தாங்கும், உள்சக்கரங்கள் 249. இப்போது பக்கத்துக்கு 15 மி.மீ. ஸ்பேசர் தட்டை வீலுக்குப் பின்னால் வைத்து டிராக்கை 1510 ஆக்குகிறோம். மாறும் எடை 246 கிலோவாகக் குறையும். வித்தியாசம் ஐந்து கிலோ. கைப்பெட்டி ஒன்றின் எடை.

இந்த ஐந்து கிலோ வளைவின் வேகத்தை எவ்வளவு கூட்டும்? டயர் மேல் சுமை ஒன்றரை மடங்கானால் அதன் பிடிப்பு விகிதம் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொண்டு கணக்கிட்டால், மொத்தப் பிடிப்பு 0.2 சதவீதம் கூடுகிறது. வளைவின் வேகம் பிடிப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் வேகம் 0.1 சதவீதம் கூடும். மணிக்கு 42 கி.மீ. வேகத்தில் எடுத்த வளைவை இனி 42.04இல் எடுக்கலாம். ஸ்பீடோமீட்டர் முள்ளுக்குக்கூட இது தெரியாது.

ஒப்பீட்டுக்கு இன்னொன்றையும் பார்த்துவிடலாம். அதே காரின் எடைமையத்தை 20 மி.மீ. தாழ்த்தினால் மாறும் எடை 241 கிலோவுக்கு வந்துவிடும். ஸ்பேசர் தந்ததைப் போல இரு மடங்கு லாபம். தாழ்த்துவதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு இப்படி இருக்க, உலகத்தின் வேகமான கார்கள் எல்லாம் ஏன் அகலமாக இருக்கின்றன? நியாயமான கேள்வி. ஃபார்முலா ஒன் பந்தயத்தை நடத்துபவர்கள் அகலத்தை ஒரு கடிவாளமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1993இல் காரின் உச்ச அகலத்தை 2150 மி.மீ.யிலிருந்து 2000ஆகக் குறைத்தார்கள், 1998இல் 1800. கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியது இந்தக் குறுகலான காலத்துக் காரைத்தான். 2017இல் மறுபடி 2000. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் குறுக்கினார்கள், கூட்ட வேண்டுமென்றால் அகட்டினார்கள். அகலத்துக்கு ஆதரவாக இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது என்று தோன்றும். சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தால் வேறு கதை வருகிறது. 1993இல் அகலத்தோடு டயரின் அகலமும் குறைக்கப்பட்டது. 1998இல் டயரில் பள்ளக்கோடுகள் கட்டாயமாயின. 2017இல் முன்டயர் 245 மி.மீ.யிலிருந்து 305க்கும் பின்டயர் 325இலிருந்து 405க்கும் போயின, இறக்கைகளும் பெரிதாயின. ஒரு தடவைகூட அகலத்தை மட்டும் தனியே மாற்றியதில்லை. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில் வந்த மாற்றத்தில் அகலத்தின் பங்கு இவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. அதிலும் அங்கே குறைத்தது 150 மி.மீ., 200 மி.மீ. நம் கடைகளில் பேசப்படுவது 30.

தெருவில் ஓடும் கார்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1959இல் அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் 'வைட் டிராக்' என்று முழங்கி விளம்பரம் செய்தது. விற்பனையும் பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு புதிய உடல் அகலமாக வந்தது, பழைய சேசிஸின் சக்கரங்கள் அதற்கடியில் ஒடுங்கித் தெரிந்தன, பார்வைக்குச் சகிக்காமல்தான் சக்கரங்களை வெளியே கொண்டுவந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கையாளுமை பின்னால் ஏறிக்கொண்ட வாதம். அழகுக்காகச் செய்துவிட்டு அறிவியலைத் துணைக்கு அழைப்பது வண்ணார்பேட்டையில் தொடங்கிய பழக்கமில்லை.

இதற்கு நேர் எதிரே 1986இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 நிற்கிறது. பந்தயத்துக்காகவே பிறந்த அந்தக் காரில் மட்கார்டுகள் புடைத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதது உள்ளே இருந்தது. முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு, மாற்றப்பட்டது. உடல் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்டி ரோல் பாரை ஆர்மில் கோர்க்காமல் ஸ்ட்ரட்டிலேயே கோர்த்தார்கள். ஹப்பும் வீல் பேரிங்கும் அதைவிடப் பெரிய காரிலிருந்து எடுக்கப்பட்டன. டொயோட்டா 2020இல் ஜி.ஆர். யாரிஸைச் செய்தபோது பின்பாதியையே கழற்றி, பெரிய காரான கொரோலா வகைத் தளத்தின் பின்பாதியை வைத்தது. அதனால் பின்டிராக்கும் அகன்றது, இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனும் உள்ளே வந்தது. அகலம் இங்கெல்லாம் தனியாக வந்து சேரவில்லை. பல மாற்றங்களின் கூட்டுவிளைவாக வந்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கண்முன்னே ஓர் உதாரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்சிக்கொடி கட்டிய ஸ்கார்பியோவைப் பார்க்காத நெல்லைவாசி இருக்க முடியாது. பழைய ஸ்கார்பியோவின் அகலம் 1820 மி.மீ., உயரம் 1995. வளைவில் அது எப்படிச் சாயும் என்பது பின்சீட்டில் உட்கார்ந்து குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு அருகே மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2022 ஜூனில் வெளிவந்த ஸ்கார்பியோ-என் 1917 மி.மீ. அகலம், 1857 மி.மீ. உயரம். 97 மி.மீ. அகன்றிருக்கிறது. விமர்சகர்கள் புதிய வண்டியின் நிதானத்தை மெச்சினார்கள். ஓட்டிப் பார்த்தவர்களும் மறுக்கமாட்டார்கள். அகலத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடலாமா?

அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். பழையதில் 0.91, புதியதில் 1.03. பதின்மூன்று சதவீத முன்னேற்றம். இதில் அகலம் மட்டும் மாறியிருந்தால் ஐந்து சதவீதம்தான் கிடைத்திருக்கும். உயரம் மட்டும் குறைந்திருந்தால் ஏழு. உடலின் அகலமும் டிராக்கும் ஒன்றல்ல, கூரையின் உயரமும் எடைமையத்தின் உயரமும் ஒன்றல்ல. இது உத்தேசக் கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது: கண்ணைப் பறிக்கும் அகலத்தைவிட யாரும் பேசாத உயரக் குறைப்பு அதிகம் உழைத்திருக்கிறது. அதோடு முடியவில்லை. பின்அச்சு பக்கவாட்டில் ஊசலாடாமல் இருக்க வாட்ஸ் லிங்கேஜ் வைத்தார்கள். அதிர்வு வரும் வேகத்துக்கேற்பத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் போட்டார்கள். ஏணிச் சட்டமே புதிது. 97 மி.மீ.யை மட்டும் பழைய ஸ்கார்பியோவில் ஒட்டவைத்திருந்தால் இந்தப் பாராட்டில் பாதிகூட வந்திருக்காது என்பது என் முடிவு.

இனி ஸ்பேசருக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊரில் 'டிராக்கை அகலப்படுத்துவது' என்றால் நடைமுறையில் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தட்டை வைப்பது, இல்லாவிட்டால் ஆஃப்செட் குறைந்த, அதாவது வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீலை மாட்டுவது. இரண்டும் ஒன்றுதான். ஆர்ம் நீளவில்லை. ஸ்பிரிங் நகரவில்லை. ஸ்டியரிங் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சக்கரம் மட்டும் வெளியே போய்விட்டது.

முன்சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் நடுவிடத்துக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்கிறார்கள். 1972இல் ஆடி 80 இதை வேண்டுமென்றே எதிர்மறையாக, அதாவது திரும்பும் புள்ளி டயரின் நடுவைவிட வெளியே இருக்கும்படி வைத்தது. பிறகு முன்சக்கர இழுவைக் கார்களில் அந்த வழக்கம் பரவியது. காரணம் பாதுகாப்பு. பிரேக் போடும்போது ஒரு பக்கம் அதிகம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் வண்டி அதிகம் பிடித்த பக்கம் இழுக்கும். எதிர்மறை ஸ்க்ரப் இருந்தால் சக்கரம் தானாகவே எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பி அந்த இழுப்பைச் சமன்செய்யும். இந்தத் தூரம் சில மி.மீ.களில் தொடங்கிச் சில பத்து மி.மீ.களுக்குள் அடங்கும் சமாச்சாரம். 15 மி.மீ. ஸ்பேசர் டயரின் நடுவிடத்தை அப்படியே 15 மி.மீ. வெளியே தள்ளுகிறது. வடிவமைத்தவர் எதிர்மறையாக வைத்தது நேர்மறையாகிவிடலாம். உதவியாக இருந்த விசை உபத்திரவமாக மாறும்.

இதைப் படத்தில் படித்தால் சின்ன விஷயமாகத் தெரியும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையில் எதிரே பேருந்து வரும்போது நினைத்துப் பாருங்கள். இடதுபக்கச் சக்கரங்கள் இரண்டும் தாரை விட்டு மண்ணில் இறங்குகின்றன, வலதுபக்கம் தாரில் இருக்கிறது, அந்த நொடியில் ஆடு ஒன்று குறுக்கே வருகிறது. ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும் நிலை இதுவே. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். மண்ணுக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பு வித்தியாசத்தை அது அழித்துவிடாது. 42ஐ 42.04 ஆக்குவதற்காக இந்தக் காப்பை விற்பது என் பார்வையில் மோசமான வியாபாரம்.

வீல் பேரிங்கின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். டயரின் நடுக்கோடு பேரிங்கின் நடுவிலிருந்து விலக விலக, நேராக ஓடும்போதே பேரிங் மேல் ஒரு திருகல் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது அது பல மடங்காகிறது. எம்3க்குப் பெரிய பேரிங் ஏன் போட்டார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. போல்ட் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம்: பழைய ஸ்டட்டிலேயே தட்டை நுழைத்து நட்டை முடுக்கினால், எத்தனை மரை பிடித்திருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவாவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைப் பாலபாடம். வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் ஒரு வீலைச் செய்யும்போது அதன் ஆஃப்செட்டை அந்தந்த வாகனத்துக்கென்றே வரையறுத்து, வளைவின் திருகலை லட்சக்கணக்கான சுற்றுகள் தாங்குகிறதா என்று சோதித்துத்தான் வெளியே விடுகின்றன. அவ்வளவு உழைப்பையும் ஒரு தட்டு அரைமணி நேரத்தில் செல்லாக்காசாக்கிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது எனக்கே வியப்பளித்தது. வளைவில் வேகம் பிடிப்பை மட்டும் பொறுத்ததல்ல, நாம் போகும் பாதையின் ஆரத்தையும் பொறுத்தது. சாலையின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளியே வந்தால் ஆரம் பெரிதாகும். கார் அகலமாக அகலமாக அப்படி வளைத்துப் போக மீதமிருக்கும் இடம் குறைகிறது. ஒரு செங்கோண வளைவில் கார் 30 மி.மீ. அகன்றால் கிடைக்கும் ஆரம் ஏறத்தாழ ஒன்பது செ.மீ. சுருங்கும். 20 மீட்டர் ஆரமுள்ள பாதையில் இது வேகத்தில் 0.2 சதவீத இழப்பு. பிடிப்பில் கிடைத்தது 0.1. குறுகலான மலைப்பாதையில் ஸ்பேசர் போட்ட கார், கணக்கின்படி, போடாத காரைவிட ஒரு மயிரிழை மெதுவாகத்தான் திரும்ப முடியும். ஒற்றைத்தடச் சாலைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் அகலமே 3.75 மீட்டர்தான். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் சாலையிலோ மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் சாலையிலோ மி.மீ.க்கு மதிப்பு அதிகம். இரண்டும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலைகள், வனத்துறை சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும், மிளாவும் மந்தியும் குறுக்கே வரும். அங்கே வளைவு வேகத்தைச் சோதிக்க நினைப்பவருக்கு ஸ்பேசரைவிட வேறு அறிவுரைதான் தேவை.

ஆரல்வாய்மொழிக் காற்று வாதத்துக்கு அரைமதிப்பெண் தரலாம். தென்மேற்குப் பருவக்காலத்தில் அந்தக் கணவாய் வழியாக வரும் பக்கக்காற்றில் உயரமான வண்டிகள் ஆடுவது உண்மை. அகலமான டிராக் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் கார் ஓட்டுபவரைப் பயமுறுத்துவது ஆட்டத்தைவிட, காற்று மூக்கைத் தள்ளிப் பாதையை மாற்றுவதுதான். அதற்கு டிராக் அகலம் மருந்தில்லை. டயர்க் காற்றழுத்தம், பின்அச்சின் அலைன்மென்ட், ஸ்டியரிங்கின் நடுநிலை இறுக்கம் ஆகியவற்றில்தான் அதற்கு விடை.

அப்படியானால் சேசிஸில் கைவைப்பதே வீணா? இல்லை. கைவைக்கும் இடம் வேறு. ஷாக் அப்சார்பரிலிருந்து தொடங்குவேன். வளைவின் நடுவே ஒரு குழி இருந்தால், டயர் தரையிலிருந்து எழும்பி மறுபடி இறங்கும் நேரம் வரை பிடிப்பு பூஜ்யம். அந்த நேரத்தைச் சுருக்குவது ஷாக். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்துச் சாலைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், குழியில்லாத வளைவை வைத்துக் கணக்குப் போடமாட்டார்கள். 60,000, 70,000 கி.மீ. ஓடிய காரில் ஷாக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புஷ் தளர்ந்த காரில் ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் விலகிக்கொள்ளும். அதன்மேல் ஸ்பேசர் போடுவது தளர்ந்த புஷ்ஷைப் பிடித்து உலுக்கும் நெம்புகோலை நீட்டுவதாகும்.

அடுத்து டயர். தேய்ந்து இறுகிப்போன டயரை நல்ல டயராக மாற்றினால் கிடைக்கும் பிடிப்பின் முன் 0.2 சதவீதம் பேச்சுக்கே வராது. ஆனால் இங்கேயும் அகலப் பித்து வேண்டாம். குற்றாலச் சீசன் சாரலிலும் ஐப்பசி மழையிலும் தேங்கிய நீரில் அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

தாழ்த்துவதைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். எடைமையம் இறங்குவதால் வரும் லாபம் நிஜம். ஆனால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வைத்த காரைக் குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தினால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் எடைமையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடி, கார் முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், இறுகிய ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் வேண்டும், பால் ஜாயின்ட்டின் இடத்தை மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, நம் கிராமங்களில் ஊர்க்காரர்களே ஜல்லியைக் கொட்டி எழுப்பிய வேகத்தடைகள் எந்தச் சூத்திரத்துக்கும் கட்டுப்படாதவை.

இப்படிப் பலவற்றைச் சேர்த்துத் தொட்டவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாக 2018இல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி.யில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 குதிரைசக்தி தந்தது. ஸ்பிரிங், ஷாக் இரண்டும் திருத்தப்பட்டன, வண்டி சற்றே தாழ்ந்தது, 15 அங்குல வீலில் 185/60 டயர் வந்தது. யாரும் மட்கார்டுக்கு வெளியே சக்கரத்தைத் தள்ளவில்லை. ஏழெட்டு லட்ச ரூபாய் விலைக்குள் ஒழுங்காக வளைவு திரும்பிய கார் அது. விற்பனை ஓடாமல் 2020இல் நின்றுபோனது ஒரு சோகம். வெளியே துருத்தினால்தான் வாங்குவார்கள் போலும். அதே கோவையில் பந்தய வீரர் கரிவர்தன் பெயர் தாங்கிய பந்தயத் தடத்தில் எல்.ஜி.பி. ஃபார்முலா கார்கள் ஓடுகின்றன. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சேசிஸ். ஆனாலும் ஒருவர் முந்துகிறார், இன்னொருவர் பின்தங்குகிறார். வித்தியாசம் ஓட்டுபவரின் திறமையிலும், டயர் அழுத்தம், சக்கரக் கோணங்களான கேம்பர், டோ என்ற திருத்தங்களிலும் இருக்கிறது.

ஒரு நுட்பமான எதிர்வாதம் மிச்சமிருக்கிறது. ஸ்பேசரை விட்டுவிட்டு, நீளமான லோயர் ஆர்ம், அதற்கேற்ற டிரைவ் ஷாஃப்ட், டை ராட் என்று முறையாகவே முன்டிராக்கை அகட்டினால்? அப்போதும் எதிர்பார்த்த இடத்தில் லாபம் விழும் என்ற உறுதியில்லை. சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறாமல் டிராக் மட்டும் அகன்றால், சாய்வை எதிர்க்கும் திறன் டிராக்கின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். முன்பக்கம் மட்டும் அப்படிக் கூடினால் இடம்பெயரும் எடையில் பெரிய பங்கை முன்அச்சே இழுத்துக்கொள்ளும். அகலத்தால் வந்த நன்மையை அது தின்றுவிடும். ஏற்கெனவே மூக்கு கனத்து, வளைவில் வெளியே ஓடும் முன்சக்கர இழுவைக் காருக்கு அந்தக் குறை அப்படியே இருக்கும். பின்பக்க ஆன்டி ரோல் பாரையோ முன் ஸ்பிரிங்கையோ கூடவே மாற்றினால்தான் பலன் தெரியும். தொழிற்சாலைகள் இதைச் செய்வதற்குக் கணினியும் சோதனைத் தடமும் மாதக்கணக்கில் நேரமும் வைத்திருக்கின்றன. பட்டறையில் இருப்பது ஜாக்கியும் நம்பிக்கையும்.

சட்டமும் ஒரு தரப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் இது என்ற குறை எனக்கு உண்டு. முறையாகச் சோதித்துச் சான்றளித்த உதிரிபாகங்களுக்கு ஒரு வழி திறந்துவிட வேண்டும். ஆனால் மரை பிடிக்காத தட்டுக்காக வாதாட நான் வரமாட்டேன்.

தீர்ப்புக்கு வருகிறேன். தொழிற்சாலையில், ஆர்ம், ஸ்பிரிங், பேரிங், ஸ்டியரிங் அச்சு எல்லாவற்றோடும் சேர்த்து அகட்டப்பட்ட டிராக் பயன் தருகிறது; ஸ்கார்பியோ-என் அதற்குச் சாட்சி, அங்கேயும் பெரிய பங்கு உயரக் குறைப்புக்கும் பின்அச்சுக்கும் உரியது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தைப் போன்ற சமமான தளத்தில், நொடியில் நூறில் ஒரு பங்குக்குப் போட்டியிடுபவருக்கு, மற்ற எல்லாம் செய்து முடித்த பிறகு, 30 மி.மீ.க்கும் அர்த்தம் இருக்கலாம். தாமிரபரணிக் கரைச் சாலைகளில் ஓடும் காருக்கு ஸ்பேசரும் ஆஃப்செட் குறைந்த அலாயும் கையாளுமையைக் கூட்டுவதில்லை. பிரேக் பிடிக்கும் நேரத்தில் அதைக் குறைக்கின்றன. அழகுக்காகத்தான் போடுகிறேன் என்பவரோடு எனக்கு வாதமில்லை, அவர் உண்மையைச் சொல்கிறார். வளைவுக்காகப் போடுகிறேன் என்பவர் அந்தப் பணத்தை எடுத்து முதலில் புஷ், அடுத்து ஷாக், பிறகு டயர் என்று வரிசையாகச் செலவழித்து, கடைசியில் நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத் தென்காசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். ஸ்பேசர் ஏற்கெனவே மாட்டியிருந்தால், அடுத்த சர்வீஸில் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது ஸ்டட்டில் எத்தனை மரை பிடித்திருந்தது என்று பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள்.